முப்பத்திரண்டு எழுத்து

ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் ஒரு ஹோட்டல்.
இரண்டாம் மாடிக் கூடம், பத்தொன்பதாம் மேசை.
சமையலறைக் கதவு திறக்கும்போதெல்லாம்
பிடரியில் சூடு அடிக்கிறது.
இருநூற்றெண்பது வெள்ளிக்கு இந்த நாற்காலிதான்.

பதினேழு வருடம் ஓடிய தொடர்.
வடக்கு இங்கிலாந்தில் ஒரு குட்டி ரயில் நிலையம்,
வராத ரயில், ஆறிப்போன தேநீர்,
மூன்றாம் நடைமேடையில் ஐந்து பேர்.
இன்று மேடையில் மூவர்.
மூட்டை தூக்கியாக வந்தவருக்குக் காதில் கருவி;
கேள்வி கேட்டால் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்.
அதற்கும் கூடம் சிரிக்கிறது.

பக்கத்தில் பல் டாக்டர் இயோ.
"சனிக்கிழமை எட்டரைக்கு!
ஏழுக்கே கிளினிக்கைச் சாத்திவிடுவேன்.
நீங்களும் பார்ப்பீர்களா?"

பார்ப்பேனா.
அங்காசாபுரியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை,
ஏர்கோனுக்குப் பயந்து ஸ்வெட்டர்,
திரையின் அடியில் மலாய் வரிகளை
அடித்துக்கொடுத்தவள் நான்.
ஒரு வரிக்கு முப்பத்திரண்டு எழுத்து,
இரண்டு வரி, ஆறு நொடி.
அதற்குள் மெர்சிங்கில் ஒரு மீன்காரர்
சிரித்தாக வேண்டும்.

"சில நேரம்" என்றேன் டாக்டரிடம்.

தேநீர்க்கடைத் திருமதி பிளெங்கின்
வாரம் தவறாமல் ஆரம்பிப்பாள்: என் லேட் கணவர்...
யாராவது கேட்பார்கள்: எவ்வளவு லேட்?
அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள்.
அவ்வளவுதான். அங்கே ஒரு கூட்டமே உருண்டு புரளும்.

மலாயில் செத்தவருக்கு ஒரு சொல்,
பிந்தியவருக்கு வேறு சொல்.
இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை.
தமிழென்றால் கவலை இல்லை.
நம் கல்யாணப் பத்திரிகைகளில்
அடைப்புக்குறிக்குள் காலை நீட்டி
உட்கார்ந்திருக்கிறதே, அந்த லேட்!
ஆனால் தமிழில் அடிக்க எனக்குச் சம்பளம் இல்லை.
இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு அடித்தேன்:
சுவாமி சாயா பெலும் சம்பாய்.
என் புருஷன் இன்னும் வந்து சேரவில்லை.
இருபத்து மூன்று எழுத்து. ஒன்பது மிச்சம்.

கையெழுத்து வரிசையில்
எல்லார் கையிலும் படம், வீடியோ கேசட்,
ஒருவர் கையில் நிஜமான பச்சைக்கொடி.
நான் கைப்பையைக் குடைந்தேன்.
பிரஷர் மாத்திரை, டச் அண்ட் கோ அட்டை,
மகள் கல்யாணப் பத்திரிகையின் அச்சுப் பிழைத் தாள்.
தாளைத்தான் நீட்டினேன்.

வினிஃப்ரெட் பார்லோ திரையில் பார்த்ததைவிடக் குள்ளம்.
மல்லிகை மாலை அவர் கழுத்தில் கனத்தது.
"இது என்ன மொழி?"
சொன்னேன்.
"இதில் எனக்குத் தெரிந்தது ஏதாவது உண்டா?"
என் வீட்டுக்காரர் பெயருக்கு முன்னால் விரலை வைத்தேன்.
"இந்த ஒரு சொல் உங்களுடையது."
படித்துக் காட்டினேன். லேட்.

பின்னால் வரிசை நெளிகிறது.
அவர் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்,
தள்ளிப் பிடித்தார்.
பிறகு அந்தக் குரலில்,
அதே குரலில்,
"எவ்வளவு லேட்?"

"நாலு வருஷம்" என்றேன்.

சுவரில் கடிகாரம் இல்லை.
என் மணிக்கட்டைத் திருப்பி
என் வாட்ச்சைப் பார்த்தார் அவர்.

நான் சிரித்த சிரிப்பில்
பரிசாரகன் தட்டோடு நின்றுவிட்டான்.
அவரும் சிரித்தார், மாலை அவிழ்ந்து விழுந்தது.
ஸ்டேஷன் மாஸ்டராக நடித்தவர் போய் ஏழாகிறது என்றார்,
எந்த நாளும் ஒத்திகைக்கு நேரத்தோடு வந்ததில்லை என்றார்.
என் பெயரைக் கேட்டு எழுதினார்.
பொற்கொடி, ஒரு எழுத்துக் குறைவாக.

செண்ட்ராலில் கடைசி கொமுட்டருக்குக் காத்திருக்கிறேன்.
காலையில் தாளை அச்சகத்தில் கொடுக்க வேண்டும்.
பின்பக்கத்தைக் காட்டினால் மகள் கத்துவாள்.
கிள்ளான் வண்டி பதினெட்டு நிமிடம் தாமதம்
என்கிறாள் ஒலிபெருக்கிப் பெண்.
எனக்கு எண்ணிப் பார்க்கும் பழக்கம்
இன்னும் போகவில்லை:
அந்த அறிவிப்பு
இரண்டு வரிக்குள் அடங்கும்.